பெற்றோர் கவலையும் கஞ்சாச் சட்டமும்

மக்கட்பேறு பேறுகளுள் தலையாயது என்று நம் முன்னோர் கருதினர். ஆயின் அப்பேறே தீராத் துயரமாக மாறிய இல்லங்களும் நம்மிடையே உள்ளன. காய்ச்சலால் வாடும் மகனுக்காக அழும் தாய்க்கு அயலார் ஆறுதல் கூறுவர். தேர்வில் தவறிய மகளுக்காக வருந்தும் தந்தைக்கு ஆசிரியர் வழி காட்டுவர். போதைப் பழக்கத்துக்கு அடிமையாகிவிட்ட பிள்ளையைப் பெற்றோருக்கோ ஆறுதல் கூறுவாரும் அரியர். வழி காட்டுவாரும் அரியர். அவர்கள் தம் துயரத்தை வாய்திறந்து கூறவும் அஞ்சுகின்றனர். கூறினால் உறவினர் விலகுவர். வீட்டிலுள்ள பெண்ணுக்கு மணம் பேச வருவோர் தயங்குவர். கல்லூரி பிள்ளையை வெளியேற்றுமோ, காவலர் அழைத்துச் செல்வரோ என்னும் அச்சமும் உடன் எழும். ஆதலின், கஞ்சாவைச் சட்டம் தடுத்தல் வேண்டுமா, விடுத்தல் வேண்டுமா என்று பலரும் வாதிடும் இந்நாளில் வணிகர் குரல் கேட்கின்றது. வழக்கறிஞர் குரல் கேட்கின்றது. அரசியலார் குரலும் கேட்கின்றது. இப்பெற்றோர் குரல் மட்டும் கேட்பதில்லை. அவர்தம் கவலையை அளவுகோலாகக் கொண்டு இவ்விஷயத்தை ஆராய்வதே யாம் ஈண்டு மேற்கொண்ட முயற்சியாகும்.

இத்தகைய பொருள் கல்லூரி மலருக்கு ஏற்றதோ என்று நேயர் சிலர் ஐயுறலாம். ஏற்றதே என்பது எமது துணிபு. 1937-ஆம் ஆண்டில் நம் கல்லூரி நகரத்தின் நெருக்கடியை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தபோது, இவ்விடம் புதரும் ஏரியும் சூழ்ந்த அமைதியான ஊராக இருந்தது. இன்று பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் முதலிய இடங்கள் ஒன்றோடொன்று கலந்து, 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியாயின. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாம்பரத்துக்கெனத் தனிக் காவல் ஆணையரகம் ஏற்பட்டது. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் கிளாம்பாக்கத்தில் பெரிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. பல மாவட்டங்களிலிருந்தும் கல்வி கற்கவும், பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள கணினி நிறுவனங்களில் பணிபுரியவும் வந்த இளைஞர் ஆயிரக்கணக்கானோர் இங்கு வாடகை அறைகளில் வசிக்கின்றனர். பெற்றோர் கண்ணுக்கு எட்டாத தொலைவில், கையில் சிறிது பணமும் மாலையில் சிறிது ஓய்வும் உடைய இளைஞர் எங்கு மிகுதியாக உளரோ, அங்குப் பொட்டலம் விற்பவனும் வந்து சேர்வான். இஃது இவ்வூரின் குற்றமன்று; இவ்வூரின் நிலைமை.

நம் நாட்டில் விற்கப்படும் கஞ்சாவிற் பெரும்பகுதி ஆந்திரமும் ஒடிசாவும் கூடும் எல்லையிலுள்ள மலைகளிற் பயிராகி, இருப்புப்பாதை வழியாகவும் சாலை வழியாகவும் தெற்கே வருகின்றது. இதனைத் தடுக்கும் பொருட்டுத் தமிழ்நாட்டுக் காவல்துறை 2021-ஆம் ஆண்டு டிசம்பர் முதலாகக் ‘கஞ்சா வேட்டை’ என்னும் பெயரால் பலமுறை தேடுதல் நடத்தியுள்ளது. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாளன்று மாநிலம் முழுவதும் மாணவர்கள் போதைப்பொருளுக்கு எதிராக உறுதிமொழி எடுத்தனர். இம்முயற்சிகள் பாராட்டத்தக்கனவே. எனினும், உறுதிமொழி கூறிய மாணவருள்ளும் சிலர் மறுநாளே பொட்டலத்தைத் தேடிச் செல்வரேல், அவர்களை என் செய்வது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. அவ்வினாவுக்கு வேட்டையும் விடை தராது. உறுதிமொழியும் விடை தராது.

கஞ்சாவை ஆராய்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று. இங்கிலாந்துப் பார்லிமெண்டில் எழுந்த ஒரு வினாவின் பயனாக, 1893-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. மாக்வொர்த் யங் என்பவர் தலைவர். இந்தியர் மூவரும் அதில் அங்கம் வகித்தனர். 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894-ஆம் ஆண்டில் பல தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டனர். மிதமாக உபயோகிப்போர்க்குப் பெருந்தீங்கு நேர்வதில்லை. மிகுதியாக உபயோகிப்போர்க்குத் தீங்கு நேர்கின்றது. முற்றிலும் தடுப்பதினும் வரி விதித்துக் கட்டுப்படுத்துவதே தக்கது என்பன அவர்கள் முடிபு. மனநோய் மருத்துவமனைகளின் பதிவேடுகளை அவர்கள் புரட்டிப் பார்த்தபோது, கஞ்சாவால் விளைந்த பித்து என்று எழுதப்பட்டிருந்தவற்றுட் பலவற்றில் காரணம் ஆராயாமலே எழுதப்பட்டிருந்தமையையும் கண்டனர். தடை நீக்கம் வேண்டுவோர் இவ்வறிக்கையை இன்றும் எடுத்துக்காட்டுவர். அது நேர்மையான ஆராய்ச்சி என்பதில் எமக்கு ஐயமில்லை. அதன் வரம்பு யாது என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

சுதந்திரத்துக்குப் பின்னர், 1961-ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையில் கஞ்சா கடுங்கட்டுப்பாட்டுக்கு உரிய பொருளாகச் சேர்க்கப்பட்டது. பூங்கொத்துடன் சேராத இலையும் விதையும் மட்டும் அவ்வரையறையினின்று விலக்கப்பட்டன. வடநாட்டில் ஹோலி முதலிய திருநாட்களில் வழங்கும் பங்கு என்னும் பானம் இன்றும் சில மாநிலங்களில் விற்கப்படுவது இவ்விலக்கினாலேயாம். அவ்வுடன்படிக்கைக்கு இணங்க, 1985-ஆம் ஆண்டில் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டது. இன்றுள்ளபடி, 1 கிலோகிராம் வரையிலான கஞ்சா சிறிய அளவெனவும், 20 கிலோகிராமும் அதற்கு மேற்பட்டதும் வணிக அளவெனவும் கொள்ளப்படும். சிறிய அளவை வைத்திருப்போர்க்கு ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டு வரை சிறையுண்டு. புகைத்தலே குற்றமாதலின், அதற்கும் ஆறு திங்கள் வரை சிறை விதிக்க இடமுண்டு.

இத்தடையை நீக்குக என்போர் கூறுவன யாவை? தடை இருந்தும் கஞ்சா எங்கும் கிடைக்கின்றது. கள்ளச் சந்தையிற் கலப்படம் மிகுகின்றது. சிறு பொட்டலம் வைத்திருந்த ஏழை இளைஞர் சிறை செல்ல, பெருவணிகர் தப்புகின்றனர். மதுவை விற்கும் அரசு கஞ்சாவைத் தடுப்பது முரண். மருந்தாகவும் நாராகவும் எண்ணெயாகவும் பயன்படும் செடியை வீணாக்குகின்றோம் என்பர். இவற்றுட் சில மறுக்கவொண்ணா உண்மைகள். 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம், மிக்க அபாயமுடைய பொருள்களின் பட்டியலினின்று கஞ்சாவை 27-க்கு 25 என்னும் வாக்குகளால் நீக்கியபோது, இந்தியாவும் நீக்கத்துக்கே வாக்களித்தது. உத்தராகண்ட மாநிலம் போதைச் சத்துக் குறைந்த சணற்செடியைப் பயிரிட 2018-ஆம் ஆண்டிலேயே அனுமதி வழங்கத் தொடங்கியது. மருந்துக்கும் தொழிலுக்கும் செடியைப் பயன்படுத்துவதில் யாம் வழக்காடவில்லை. எமது வழக்கு, போதைக்காகக் கடை திறப்பதைப் பற்றியதே. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை நேயர் மனத்திற் கொள்வாராக.

பிற நாடுகள் இவ்வழியிற் சென்று கண்டது யாது என்பதையும் காண்போம். உருகுவே நாடு 2013-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, 2017 முதல் மருந்துக்கடைகளில் விற்பனை தொடங்கியது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கடைகள் திறந்தன. கனடா 2018-ஆம் ஆண்டு அக்டோபரிலும், ஜெர்மனி 2024-ஆம் ஆண்டு ஏப்ரலிலும் தடையைத் தளர்த்தின. இந்நாடுகளில் வானம் இடிந்து வீழ்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் எடுத்த கணக்குகளிற் பள்ளி மாணவரிடையே பழக்கம் பெருமளவிற் பெருகியதாகவும் காணவில்லை. இதனை மறைத்துப் பேசுதல் அறமாகாது. ஆயினும், கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், கஞ்சா கலந்த மிட்டாயை வெறும் மிட்டாய் என்று எண்ணித் தின்று மருத்துவமனைக்கு வந்த சிறு குழந்தைகளின் தொகை பன்மடங்கு பெருகிற்று. கியூபெக் மாகாணம் வாங்குவோர் வயதை 18-லிருந்து 21-ஆக 2020-இல் உயர்த்திற்று. தாய்லாந்து 2022-ஆம் ஆண்டு ஜூனில் தடையை நீக்கியது; ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன; மூன்றாண்டு கழிந்த அளவில் 2025-ஆம் ஆண்டு ஜூனில் மருத்துவர் சீட்டு இன்றி விற்றலாகாது என்று மீண்டும் கட்டுப்படுத்தியது. திறந்த கதவை மூடுதல் எத்துணை அரிது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனிப் பெற்றோர் கவலைக்கு வருவோம். அவர்தம் முதற்கவலை பிள்ளையின் மூளையைப் பற்றியது. மனித மூளை இருபத்தைந்து வயதளவும் வளர்ச்சியுறுகின்றது என்பர் மருத்துவர். அவ்வளர்ச்சிக் காலத்திற் பழகுவோர்க்கே தீங்கு மிகுதி. கஞ்சாவை ஒருமுறையேனும் உபயோகித்தவருள் பத்தில் ஒருவர் அளவினர் அதற்கு அடிமையாகின்றனர் என்றும், பதின்பருவத்திலே தொடங்கியவருள் ஆறில் ஒருவர் அடிமையாகின்றனர் என்றும் ஆராய்ச்சிகள் மதிப்பிட்டுள்ளன. சுவீடனில் 45,000-க்கு மேற்பட்ட படைவீரர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 1987-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, ஐம்பது முறைக்கு மேல் உபயோகித்தவர்க்குச் சிதைமனநோய் வரும் அபாயம் ஆறு மடங்கு என்று கண்டது. நியூசிலாந்தின் துனீடின் நகரில் 1972, 1973 ஆண்டுகளிற் பிறந்த 1,037 குழந்தைகளை நடுத்தர வயதளவும் பின்தொடர்ந்த ஆராய்ச்சி, பதின்பருவத்தில் தொடங்கி நெடுங்காலம் விடாது உபயோகித்தவரிடம் அறிவுத்திறன் குறைந்தமையைக் கண்டு 2012-இல் அறிவித்தது. குடும்ப நிலை முதலிய வேறு காரணங்களும் இதில் கலந்திருக்கலாம் என்று மறுப்போரும் உளர். மறுப்பை மதித்தே கூறுகின்றோம்: புகைப்போர் அனைவரும் பித்தராவதில்லை. ஆயின் எந்தப் பிள்ளை தப்பும், எந்தப் பிள்ளை வீழும் என்பதை முன்னறிந்து கூற வல்லார் எவருமிலர். தாய்க்கு அறுவரில் ஐவர் தப்புவர் என்னும் கணக்கு ஆறுதல் தராது. அவள் பெற்றது ஒரு பிள்ளை, ஆறல்ல.

இங்கே 1894-ஆம் ஆண்டறிக்கையின் வரம்பும் புலனாகும். கஞ்சாவிலுள்ள போதைச் சத்தைத் தனியே பிரித்து அதன் அமைப்பை விஞ்ஞானிகள் கண்டறிந்தது 1964-ஆம் ஆண்டில். குழுவினர்க்கு அச்சத்தை அளக்கும் கருவி இல்லை. அமெரிக்காவிற் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் 1995-இல் நூற்றுக்கு 4 பங்காக இருந்த அச்சத்து, 2014-இல் 12 பங்களவாக உயர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அக்குழு பெரும்பாலும் முதியோரையும் துறவிகளையும் உழைப்பாளிகளையும் பற்றிய பழக்கத்தை ஆராய்ந்தது. தேர்வுக்குப் படிக்கும் பதினேழு வயது மாணவனைப் பற்றியன்று. ஆதலின், அவ்வறிக்கையைக் கொண்டு இன்றைய பிள்ளைகளைப் பற்றி முடிவு கூறுதல், பழைய பஞ்சாங்கத்தைக் கொண்டு இவ்வாண்டு மழையைக் கணிப்பதை ஒக்கும்.

இரண்டாம் கவலை, அரசு விற்பனையாளராக மாறுவதைப் பற்றியது. இதற்கு நாம் கடல் கடந்து சான்று தேட வேண்டுவதில்லை. நம் கல்லூரி தாம்பரத்துக்கு வந்த அதே 1937-ஆம் ஆண்டில் இராஜாஜியின் அமைச்சரவை மதுவிலக்குச் சட்டம் இயற்றி, அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் அதனை நடைமுறைப்படுத்தியது. 1948-இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் ஏற்பட்டது; 2003-ஆம் ஆண்டு நவம்பரிற் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அன்று கூறப்பட்ட காரணங்கள் இன்று கஞ்சாவுக்குக் கூறப்படும் காரணங்களைப் பெரிதும் ஒத்தவை: கலப்படம் ஒழியும், கள்ளச்சாராயம் ஒழியும், வருவாய் மக்கள் நலத்துக்கு ஆகும் என்பன. வருவாய் வந்தது உண்மை. 2023-24-ஆம் ஆண்டில் அது 45,000 கோடி ரூபாயையும் கடந்தது. கள்ளச்சாராயமோ ஒழிந்ததில்லை. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் செங்கற்பட்டு மாவட்டத்திலும் மரக்காணத்திலும் நச்சுச் சாராயத்தால் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2024-ஆம் ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

கட்சி எதுவாயினும், ஆட்சி எதுவாயினும் இந்நிலை மாறாமைக்குக் காரணம் என்னை? ஒரு பொருளின் விற்பனையால் கருவூலம் நிரம்பத் தொடங்கின், அப்பொருளைக் குறைக்கும் விருப்பம் கருவூலத்துக்கு எழுதல் அரிது. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் 500 கடைகள் மூடப்பட்டன, எனினும் நாளடைவில் வருவாய் பெருகியே வந்தது. 21 வயது நிரம்பாதார்க்கு மது விற்றலாகாது என்னும் விதி ஏட்டில் உளது. அவ்விதி தெருவில் எவ்வாறு காக்கப்படுகின்றது என்பதை இந்நகர்ப்புறத்தில் வாழும் எவரும் அறிவர். கஞ்சாக் கடைக்கும் அவ்வாறே ஒரு வயது விதி எழுதப்படும், அவ்வாறே காக்கப்படும். இதனாலேயே, பிள்ளையை மீட்கப் பல்லாண்டு போராடும் பெற்றோர் கடை என்னும் சொல்லைக் கேட்டதும் நடுங்குகின்றனர். சிகிச்சை முடிந்து இல்லம் திரும்பும் மகன், தெருமுனையிற் பெயர்ப்பலகையுடன் நிற்கும் கடையை நாள்தோறும் கடந்து செல்ல வேண்டும் என்பது அவர்தம் அச்சம். இவ்வச்சம் அறியாமையன்று, குடியால் கணவனையும் மகனையும் இழந்த இல்லங்களைக் கண்ட அறிவு.

இங்ஙனம் கூறியதால், இன்றுள்ள சட்டமும் நடைமுறையும் பெற்றோர்க்குத் துணையாக உள்ளன என்று யாம் கூறுவதாக எவரும் கருதற்க. இரவில் மகன் பையிற் பொட்டலத்தைக் கண்ட தந்தையின் நிலையை எண்ணுக. காவலரிடம் கூறினால் மகன் குற்றவாளியாவான். அரசுப் பணிக்கும் அயல்நாட்டுப் பயணத்துக்கும் அவ்வழக்குத் தடையாக நிற்கும். கல்லூரியிற் கூறினால் மாற்றுச் சான்றிதழைக் கையிற் கொடுத்து அனுப்பிவிடுவரோ என்று அஞ்சுவார். கூறாது மறைத்தால் நோய் முற்றும். இம்மூன்றனுள் எதனைத் தெரிந்துகொள்ளினும் அவர் இழப்பது பிள்ளையையே. பிள்ளையைக் காத்தற்கென்று எழுந்த சட்டம், பிள்ளையைக் காத்தற்கு விரும்பும் தந்தையின் வாயை அடைப்பதாயின், அச்சட்டம் தன் பயனிற் பாதியை இழந்ததாகும்.

ஆயினும் அச்சட்டத்திற்குள்ளேயே ஒரு திறந்த வாயில் உளது என்பதைப் பலர் அறியார். அதன் 64-ஏ பிரிவு, உட்கொண்டமைக்காகவோ சிறிய அளவு வைத்திருந்தமைக்காகவோ வழக்குக்குள்ளான போதை அடிமை, தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்ற மருத்துவ நிலையத்தில் சிகிச்சை பெறுவானாயின், அவனை வழக்கினின்று விடுவிக்கின்றது. சிகிச்சையை இடையிற் கைவிடின் அவ்விடுவிப்பை நீக்கலாம். 39-ஆம் பிரிவோ, குற்றம் நிறுவப்பட்ட பின்னரும், அவ்வடிமையைச் சிறைக்கு அனுப்பாது சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கின்றது. சட்டம் இயற்றினோர் இரக்கமற்றவர் அல்லர் என்பதற்கு இவை சான்று. இவற்றைப் பெற்றோரும் அறியார். காவல் நிலையங்களில் எடுத்துரைப்பாரும் அரியர். வாயில் உளது, வழிகாட்டும் பலகைதான் இல்லை.

தேவை எத்துணைப் பெரிது என்பதற்குக் கணக்கும் உளது. குழந்தைகளிடையே போதைப் பழக்கத்தின் பரவலை அளந்தறியுமாறு 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசுக்குக் கட்டளையிட்டது. புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் நாடு முழுவதும் எடுத்து 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, முந்தைய ஓராண்டிற் கஞ்சா வகைகளை உபயோகித்தோர் சுமார் 3 கோடியே 10 லட்சம் பேர். அவருள் உதவி தேவைப்படும் நிலையில் இருந்தோர் 72 லட்சம் பேர். மதுவுக்கு அடிமையானோருள்ளும் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாக அக்கணக்கே கூறுகின்றது. எனவே, தடையா விடுதலையா என்று வாதிடுவோர் இரு திறத்தாரும் இந்த 72 லட்சம் இல்லங்களை மறந்து வாதிடுகின்றனர் என்பது எம் கருத்து.

நோயுற்றாரை ஒதுக்காது ஏற்றல் எங்ஙனம் என்பதை உலகுக்குக் காட்டிய ஊர் நம் தாம்பரம். காசநோய்க்கு மருந்து காணப்படாத காலத்தில், அந்நோயாளரைச் சுற்றத்தாரும் அஞ்சி விலக்கிய நாளில், 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சவுரி முத்து இங்கு ஆரோக்கிய நிலையம் நிறுவினார். தாம்பரம் சானடோரியம் என்னும் இரயில் நிலையத்தின் பெயரே அதனை இன்றும் கூறிக்கொண்டிருக்கின்றது. பின்னர், 1986-ஆம் ஆண்டில் டாக்டர் சுனிதி சாலமன் சென்னையில் எச்.ஐ.வி. கிருமியை முதன்முதல் கண்டறிந்த பின், அந்நோயாளரைப் பல மருத்துவமனைகளும் ஏற்கத் தயங்கிய வேளையில், 1993 முதல் அவர்களை ஏற்றுப் பேணியதும் அந்நிலையமே. காசநோயாளரையும் எச்.ஐ.வி. நோயாளரையும் ‘உன் நடத்தையின் பயன் இது’ என்று கூறித் திருப்பி அனுப்பாத ஊர், போதைக்கு அடிமையான மாணவனை மட்டும் திருப்பி அனுப்புதல் தகுமோ?

குடும்பத்தாரையும் சேர்த்துச் சிகிச்சை செய்தல் வேண்டும் என்னும் கொள்கையும் நம் நகரத்துக்குப் புதிதன்று. அடையாறு இந்திராநகரிலுள்ள டி.டி.கே. மருத்துவமனையை சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் நிறுவினார். குடிப்பழக்கத்தால் தம் கணவரை இழந்த துயரையே பிறர் துயர் தீர்க்கும் தொண்டாக மாற்றியவர் அவர். 1992-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கீழ்ப்பாக்கத்து அரசு மனநல மருத்துவமனை 1794-ஆம் ஆண்டு முதல் நிலவுவது. அரசின் 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும். ஆயினும் போலி மீட்பு இல்லங்களைப் பற்றிப் பெற்றோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். நோயாளரைச் சங்கிலியாற் பிணித்தலை 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் முற்றிலும் விலக்கியுள்ளது. அடித்துத் திருத்துவோம் என்பாரிடம் பிள்ளையை ஒப்படைத்தல் கூடாது.

பெற்றோர் அறியவேண்டுவன வேறு சிலவும் உள. கஞ்சாப் பழக்கத்தை ஒரே நாளில் மாற்றும் மாத்திரை இன்றளவும் இல்லை. ஆலோசனையும் பொறுமையுமே மருந்து. விட்ட சில நாட்களிற் சினமும் உறக்கமின்மையும் பசியின்மையும் தோன்றும். அவை சில வாரங்களில் தணியும். அதனைப் பிள்ளையின் திமிர் என்று கருதி மோதுதல் தவறு. மீண்டும் ஒருமுறை வழுக்கி வீழ்ந்தால் அனைத்தும் வீணாயிற்று என்று கைவிடுதலும் தவறு. சர்க்கரை நோயாளர் ஒருநாள் இனிப்பு உண்டுவிட்டமையால் மருத்துவத்தை நிறுத்துவாரிலர். அன்றியும், கடனைத் திரும்பத் திரும்ப அடைத்தும் பொய்க்கு உடன்பட்டும் பழக்கத்துக்கு உரமிடுதல் அன்பாகாது. பெற்ற மனம் பித்து என்பது பழமொழி. அப்பித்தை அறிவோடு இணைத்தலே பெற்றோர்க்கு அரிய கடமை. திருவள்ளுவரும் கள்ளுண்ணாமை அதிகாரத்திற் குடியின் இழிவைக் காட்டுதற்குப் பெற்ற தாயின் முகத்தையே நினைவூட்டினார் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

ஆயின் நாம் வேண்டுவது யாது? ஒன்று, போதைக்காகக் கஞ்சாக் கடை திறத்தல் வேண்டா. இரண்டு, உட்கொண்ட குற்றம் ஒன்றே உடைய இளைஞனைச் சிறைக்கும் வழக்குக்கும் அனுப்பாது, முதற்கண் மருத்துவரிடம் அனுப்பும் முறை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வழக்கமாதல் வேண்டும். அதற்கு வேண்டிய சட்டப் பிரிவுகள் முன்னரே உள. மூன்று, விற்போரிடம், சிறப்பாகச் சிறுவரை விற்பனைக்கு ஏவுவோரிடம், கடுமை குறையலாகாது. சிறுவர்க்குப் போதைப்பொருள் தருவோர்க்கும், அவரைக் கொண்டு விற்போர்க்கும் 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம் ஏழாண்டு வரை கடுஞ்சிறை விதிக்கின்றது. நான்கு, மாநகராட்சியாக வளர்ந்த தாம்பரத்தில், நடுத்தர ஏழைக் குடும்பத்தார் கட்டணமின்றிச் செல்லத்தக்க போதை மீட்புப் பிரிவு அருகிலேயே அமைதல் வேண்டும். மதுவால் வரும் வருவாயில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

தண்டனை இல்லையெனிற் பழக்கம் பெருகாதோ என்று வினவுவார் உளர். சிகிச்சையும் எளியதன்று, திங்கட்கணக்கில் மருத்துவர் முன் சென்று உண்மை பேசுதல், ஆறு திங்கள் சிறையினும் சிலர்க்குக் கடினமானது. அன்றியும், சிறை சென்ற மாணவன் ஆங்கு விற்பனையாளரோடு நட்புக் கொண்டு திரும்புதல் உண்டு. வாங்குபவனாகச் சென்றவனை விற்பவனாகத் திருப்பி அனுப்பும் முறையைக் கண்டிப்பு என்று கூறுதல் பொருந்தாது.

கல்லூரிகளும் இதிற் கடமையுடையன. அரசின் ஆணைப்படி பல கல்லூரிகளிற் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்கள் ஏற்பட்டுள்ளன. அவை சுவரொட்டியும் ஊர்வலமும் நடத்துவதோடு அமையாது, தவறிய மாணவன் அச்சமின்றி வந்து பேசத்தக்க ஓர் அறையாகவும் அமைதல் வேண்டும். விற்கும் மாணவனுக்கும் அடிமைப்பட்ட மாணவனுக்கும் விதிகளில் வேறுபாடு இருத்தல் வேண்டும். தானே வந்து கூறியவனை வெளியேற்றுவதில்லை என்னும் உறுதி எழுத்தில் இருத்தல் வேண்டும். வெளியேற்றப்பட்ட மாணவன் மறைந்துவிடுவதில்லை. வேலையும் படிப்பும் இன்றி அதே ஊரில், அதே தெருவில், அதே பொட்டலத்தோடு நிற்பான். கல்லூரியின் கணக்கில் ஒருவன் குறைந்தான். ஊரின் கணக்கில் ஒருவன் கூடினான்.

மாணவத் தோழர்காள்! நும் அறையில் உடன் வசிக்கும் நண்பன் வகுப்பைத் துறந்து, உணவைத் துறந்து, கடன் மேற்கடன் வாங்கி வருந்துவானேல், அவனைக் காட்டிக்கொடுத்தல் கூடாது என்னும் எண்ணத்தால் வாளா இராதீர். காவலரிடம் காட்டிக்கொடுத்தல் வேறு; மருத்துவரிடமோ ஆசிரியரிடமோ அழைத்துச் செல்லுதல் வேறு. பின்னையதே நட்பு. பழைய மாணவர்களாகிய பெரியோர்களே! நும்மில் மருத்துவரும் வழக்கறிஞரும் காவல் அதிகாரிகளும் பலர் உளர். திங்களுக்கு ஒருநாள் இவ்வூர்ப் பெற்றோர்க்கு ஆலோசனை கூற நும்முள் நால்வர் முன்வரின், எத்தனையோ இல்லங்களில் விளக்கு அணையாது காக்கப்படும். கடையைத் திறக்கலாமா என்று சட்டமன்றங்கள் ஆராய்க. அதற்கு முன்னரே, அஞ்சி நிற்கும் தாய் ஒருத்தி வந்து தட்டுவதற்கு ஒரு கதவை நாம் திறந்துவைத்தல் கூடும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டுவதில்லை.